தோட்ட ஆபீசின் நெட்வொர்க்கையும் வேலை முறையையும் படமாக வரைவது எப்படி?

கேள்வி, சுருக்கமாக: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். ஆபீஸ், எடைமேடை, ஸ்டோர் என்று மூன்று கட்டடங்கள். கணினி வேலை பார்த்தவர் போய்விட்டார். எந்த வயர் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. எம்எஸ்பிஓ (மலேசிய நிலைத்த செம்பனை எண்ணெய்ச் சான்று) ஆடிட்டுக்காகப் பழம் வெட்டுவதிலிருந்து பணம் வருவது வரை வேலை முறையைப் படமாகக் காட்ட வேண்டும். ‘அப்படியே நெட்வொர்க் படத்தையும் சேர்த்துப் போட்டுவிடு’ என்கிறார் மேனேஜர். விசியோ என்ற படம் வரையும் மென்பொருளை வாங்க வேண்டுமா? எங்கே தொடங்குவது? கேட்டவர் ஆபீஸ் கிராணி (எழுத்தர்).

பதில்:

விசியோ வாங்க வேண்டாம். டிரா டாட் ஐஓ (draw.io) என்ற மென்பொருள் போதும். இலவசம், பதிவு செய்யத் தேவையில்லை, கணினியில் இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். விசியோ 1992-ல் வந்த பழைய கை, 2000-ல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. பெரிய நிறுவனங்களில் அதுதான் வழக்கம் என்பதால் எல்லாரும் அந்தப் பெயரையே சொல்கிறார்கள். மூன்று கட்டடத் தோட்டத்துக்கு அதன் கட்டணம் வீண்செலவு. எதில் வரைவது என்பது இந்த வேலையில் கடைசிக் கேள்விதான்.

மேனேஜர் சொன்னபடி ‘சேர்த்துப் போட’ வேண்டாம். ஒரு படம் ஒரு கேள்விக்குத்தான் ஒழுங்காகப் பதில் சொல்லும். உங்களிடம் மூன்று கேள்விகள் இருக்கின்றன. எந்த வயர் எதிலிருந்து எதற்குப் போகிறது? எந்த முகவரி எந்தச் சாதனத்துக்கு? எந்தத் தாள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது? மூன்றையும் ஒரே தாளில் திணித்தால் கோடுகள் பின்னிப் பிணைந்து ஒருவருக்கும் புரியாது. டிரா டாட் ஐஓவில் ஒரே கோப்புக்குள் பல பக்கங்கள் வைக்கலாம். மூன்று படத்துக்கு மூன்று பக்கம் திறந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. இப்படிப்பட்ட படங்கள் பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வரையப்படுகின்றன. அதனால் இருப்பது படத்தில் வராது, இருக்க வேண்டியதுதான் வரும். ஆடிட்டர் எடைமேடைக்கு நடந்துபோய், ‘படத்தில் இந்த வயர் ஆபீஸுக்குப் போகிறதே, எங்கே காட்டுங்கள்’ என்று கேட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். ஆகவே முதலில் நடை, பிறகு அட்டவணை, அதன் பிறகு படம்.

நடையை, நெட் வரும் பைபர் (ஒளியிழை) வயர் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் தொடங்குங்கள். கையில் ஏ4 தாள், பென்சில், மாஸ்க்கிங் டேப், பேனா, கைப்பேசிக் கேமரா. டெலிகோம் மலேசியாவின் யூனிஃபை நெட் இருந்தால், பைபர் வந்து முடியும் பிடியு என்ற சின்னப் பெட்டி சுவரில் இருக்கும். அதிலிருந்து ரவுட்டர், ரவுட்டரிலிருந்து சுவிட்ச் (பல வயர்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி), சுவிட்சிலிருந்து ஒவ்வொரு வயராக. ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டுங்கள்: ஆ-01, ஆ-02 என்று ஆபீஸ் வயர்கள், எ-01 என்று எடைமேடை, ஸ்டோ-01 என்று ஸ்டோர். ஒரு முனையில் மட்டும் ஒட்டினால் ஒட்டாததற்குச் சமம். கூரைக்குள் போய் மறையும் வயரைக் கண்டுபிடிக்க வயர் டிரேசர் உதவும். ஒரு முனையில் மாட்டினால் மறுமுனையருகே கருவி ஒலி எழுப்பும். அது இல்லையென்றால் வேலை நேரம் முடிந்த பிறகு ஒரு முனையைப் பிடுங்கி, சுவிட்சில் எந்த போர்ட்டின் விளக்கு அணைகிறது என்று பாருங்கள். எடைமேடையில் லோரி நிற்கும் நேரத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஐந்து போர்ட் சின்ன சுவிட்ச் ஒன்று தூசிக்குள் கிடக்கும். ஒரு கணினி இருந்த இடத்தில் இரண்டு கணினியும் ஒரு பிரிண்டரும் வந்தபோது யாரோ கடைத்தெருவில் வாங்கிப் போட்டது. இதற்கு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் சாதனத்தை அடையாளம் காட்டும் எண்) கிடையாது, ஆகவே எந்த ஸ்கேன் மென்பொருளிலும் தெரியாது. பைபரைச் சாதாரண வயராக மாற்றும் மீடியா கன்வர்ட்டரும் அப்படித்தான். அவசரத்தில் நெட் நின்றுபோனால் பாதி நேரம் காரணம் இந்தப் பெட்டிகளில் ஒன்றின் அடாப்டர் செத்திருப்பதுதான். கண்ணால் பார்த்தால்தான் இவை படத்துக்குள் வரும்.

அந்தச் சின்ன சுவிட்சுகளில் இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, ஒரே வயரின் இரண்டு முனைகளும் ஒரே சுவிட்சில் குத்தப்பட்டிருப்பது. துடைக்க வந்தவர் கழன்று கிடந்த முனையைப் பார்த்து நல்ல எண்ணத்தில் காலியான ஓட்டையில் சொருகிவிடுவார். விலை மலிவான சுவிட்சுகளுக்கு இதைக் கண்டுபிடித்துத் தடுக்கத் தெரியாது. தகவல் சுற்றிச் சுற்றி ஓடி, சில நொடிகளில் ஆபீஸ் முழுவதும் நின்றுவிடும், எல்லா விளக்கும் ஒரே வேகத்தில் துடிக்கும். இரண்டு, வைஃபை எட்டவில்லை என்று யாராவது வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து அதன் லேன் போர்ட்டில் வயரை மாட்டியிருப்பது. அப்போது ஆபீசில் முகவரி வழங்கும் ரவுட்டர்கள் இரண்டாகிவிடும். சில கணினிகளுக்கு 192.168.10 என்றும் சிலவற்றுக்கு 192.168.0 என்றும் முகவரி கிடைக்கும். ‘காலையில் பிரிண்ட் ஆனது, மத்தியானம் ஆகவில்லை’ என்ற வகைப் புகார் வந்தால் முதலில் இதைத்தான் தேட வேண்டும். நடக்கும்போது இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் உடனே பிடுங்க வேண்டாம். குறித்துக்கொள்ளுங்கள், இருப்பதை அப்படியே வரையுங்கள், திருத்தம் பிறகு.

கட்டடத்துக்குக் கட்டடம் போகும் வயர் என்ன வகை என்பது இந்த நடையில் மிக முக்கியம். செம்பு வயர் என்றால், கேட்6 ஆனாலும், முனைக்கு முனை 100 மீட்டர்தான் வரம்பு. அதில் சுவருக்குள் நிலையாக ஓடுவது 90, மீதி இரு பக்கமும் தொங்கும் சின்ன வயர்கள். எடைமேடை 180 மீட்டர் தள்ளி இருந்தால் செம்பு வயர் முதலில் ஓடுவதுபோல் காட்டி, பிறகு விட்டுவிட்டுப் போகும். தூரம் குறைவாக இருந்தாலும் நம் ஊர் மின்னலுக்குக் கட்டடங்களுக்கிடையே செம்பு ஆகாது. இரண்டு கட்டடங்களின் எர்த் ஒன்றாக இருப்பதில்லை. பக்கத்தில் இடி விழுந்தால் அந்த மின்னழுத்த வித்தியாசம் வயர் வழியாகத்தான் ஓடும். இரண்டு பக்கத்து போர்ட்டுகளும் கருகும், சில சமயம் கணினியின் மதர்போர்டும் சேர்ந்து போகும். பைபரில் இந்தக் கதை இல்லை, அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே உங்கள் படத்தில் பைபருக்கு ஆரஞ்சுக் கோடு, செம்புக்கு நீலக் கோடு, வயர்லெஸ் இணைப்புக்குப் புள்ளிக்கோடு என்று வைத்து, கோட்டின் மேலேயே நீளத்தை மீட்டரில் எழுதுங்கள். கட்டடங்களுக்கு நடுவே நீலக் கோடு ஒன்று தெரிந்தால், அடுத்த பட்ஜெட்டில் எதைக் கேட்க வேண்டும் என்று மேனேஜருக்கு விளக்கவே தேவையில்லை.

நடை முடிந்ததும் படத்துக்குத் தாவாமல் எக்செலில் ஓர் அட்டவணை போடுங்கள். ஒரு சாதனத்துக்கு ஒரு வரி. பெயர், இருக்கும் இடம், மாடல், சீரியல் எண், ஐபி, மேக் முகவரி (தயாரிப்பாளர் சாதனத்திலேயே பதித்த எண்), எந்த சுவிட்சின் எந்த போர்ட், வயர் எண், எந்த யூபிஎஸ்ஸில் (கரண்ட் போனால் தாங்கும் பேட்டரிப் பெட்டி) மாட்டியிருக்கிறது, கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவது. யூபிஎஸ் பத்தியை விட்டுவிடாதீர்கள். டிஎன்பி கரண்ட் போய் வரும்போது கணினிகள் எல்லாம் யூபிஎஸ்ஸில் உயிரோடு இருக்கும், பிடியு மட்டும் சுவர் பிளக்கில் மாட்டியிருந்ததால் அணைந்துபோய் ‘நெட் இல்லை’ என்று ஆகிவிடும். சாதனம் ஐபியை எங்கிருந்து பெறுகிறது என்பதையும் குறியுங்கள்: ரவுட்டர் தானாகக் கொடுப்பதா, சாதனத்திலேயே நிலையாக எழுதி வைத்ததா? ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் முகவரி வாங்கியவர்களின் பட்டியல் இருக்கும். அட்வான்ஸ்டு ஐபி ஸ்கேனர் போன்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். மேக் முகவரியின் முதல் ஆறு எழுத்துகள் தயாரிப்பாளரைக் காட்டிக்கொடுக்கும், ‘பெயரில்லாத’ சாதனம் கேமராவா பிரிண்டரா என்று ஊகிக்கலாம். கைப்பேசிகளில் இந்த வித்தை பலிக்காது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 தொடங்கி அவை வைஃபைக்குப் பொய்யான மேக் முகவரியைத்தான் காட்டுகின்றன. கைப்பேசிகளை வரையவே வேண்டாம், ‘வைஃபை வாடிக்கையாளர்கள்’ என்று ஒரே உருவம் போதும்.

எடைமேடை அறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தோட்டத்தின் பணம் அங்கேதான் எண்ணாக மாறுகிறது, பொதுவான மாதிரிப் படங்களில் அது வரவே வராது. மேடைக்கு அடியில் எடையை உணரும் லோட் செல்கள், அவற்றின் வயர்கள் சேரும் ஜங்ஷன் பாக்ஸ், அதிலிருந்து எடையைச் சிவப்பு எண்களில் காட்டும் இண்டிகேட்டர். இதுவரை முத்திரை வைத்த பகுதி, 1972-ஆம் ஆண்டு நிறுவை அளவைச் சட்டத்தின் கீழ் சரிபார்ப்புக்கு உட்பட்டது. கணினி பழுதுபார்க்க வருபவர் இதில் கை வைக்கக் கூடாது. படத்தில் இந்தப் பகுதியைச் சுற்றிப் புள்ளிக்கோட்டால் ஒரு பெட்டி போட்டு, ‘முத்திரை, தொடாதே’ என்று எழுதுங்கள். இண்டிகேட்டரிலிருந்து கணினிக்குப் போவது நெட்வொர்க் வயர் அன்று, ஆர்எஸ்-232 என்ற சீரியல் வயர். இதற்கு வழக்கமான வரம்பு சுமார் 15 மீட்டர். அதற்கு மேல் இழுத்தால் எண்கள் சிதறும், அங்கே ஆர்எஸ்-485 தேவை. இப்போதைய கணினிகளில் சீரியல் ஓட்டை இல்லாததால் நடுவில் யூஎஸ்பி மாற்றி ஒன்று தொங்கும். அதைப் பிடுங்கி வேறு யூஎஸ்பி ஓட்டையில் சொருகினால் விண்டோஸ் புதிய காம் (சீரியல் போர்ட்) எண் கொடுத்துவிடும். நேற்று காம்3 ஆக இருந்தது இன்று காம்5. எடை மென்பொருளோ காம்3-ஐயே பார்த்துக்கொண்டு ‘எடை வரவில்லை’ என்று நிற்கும், வெளியே லோரிகள் வரிசை கட்டும். இதற்காக ஈப்போவிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, படத்தில் இந்தக் கோட்டின் மேல் ‘ஆர்எஸ்-232, காம்3, வேகம் 9600, யூஎஸ்பி பின்பக்கம் மேல் இடது ஓட்டை’ என்று எழுதியிருந்தால். உங்கள் மென்பொருளின் அமைப்பில் என்ன எண் இருக்கிறதோ அதைப் பார்த்து எழுதுங்கள், இது எடுத்துக்காட்டு.

இனி முதல் பக்கத்தை வரையலாம். கட்டடங்களைப் பெரிய வெளிர்ப் பெட்டிகளாகப் போட்டு, சாதனங்களை அவற்றுக்குள் வையுங்கள். இணையத்தை மேகமாக மேலே ஒரு மூலையில். டிரா டாட் ஐஓவின் இடப்பக்கத்தில் அடியில் இருக்கும் ‘மோர் ஷேப்ஸ்’-ஐ அழுத்தினால் நெட்வொர்க் உருவங்கள் தனித் தொகுப்பாக இருக்கின்றன, சிஸ்கோ உருவங்களும் உண்டு. அழகுக்கு ஆசைப்பட்டு மூன்று தொகுப்பிலிருந்து கலக்க வேண்டாம். கோட்டை உருவத்தில் ஒட்டவிடுவதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். கோட்டின் முனையை உருவத்தின் அருகே கொண்டுபோகும்போது ஓரம் நிறம் மாற வேண்டும், அப்போது விட்டால்தான் ஒட்டும். ஒட்டாவிட்டால் உருவத்தை நகர்த்தும்போது கோடு அந்தரத்தில் நிற்கும். வரைந்து முடித்ததும் ஒவ்வொரு பெட்டியையும் கொஞ்சம் இழுத்துப் பார்த்து, கோடும் கூட வருகிறதா என்று சோதித்துவிட்டுத் திரும்பப் பழைய இடத்தில் வையுங்கள். கோடுகள் குறுக்கிடுவதைத் தவிர்க்க முடியாத இடங்களில், கோட்டின் அமைப்பில் ‘லைன் ஜம்ப்’ என்று இருப்பதை வளைவாக மாற்றினால் ஒன்று மற்றொன்றைத் தாண்டுவது தெளிவாகத் தெரியும். கட்டடத்துக்குள் இருக்கும் எல்லாக் கணினியையும் தனித்தனியே வரைவதா என்றால், இருபதுக்குக் கீழே என்றால் வரையுங்கள். அதற்கு மேல் போனால் ‘ஆபீஸ் கணினிகள், ஆ-05 முதல் ஆ-29 வரை’ என்று ஒரே உருவம், விவரம் அட்டவணையில்.

சிசிடிவிக்கு ஒரு சொல். கேமராக்களுக்கு மின்சாரம் வயர் வழியாகவே போகிறது என்றால், அதாவது பிஓஇ என்றால், கொடுக்கும் சுவிட்சின் பக்கத்தில் மொத்த வாட்ஸ் வரம்பை எழுதுங்கள். பழைய வகையில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட்ஸ், அடுத்த வகையில் 30. எட்டு போர்ட் இருக்கிறதே என்று எட்டுக் கேமரா மாட்டினால் மொத்த வரம்பு போதாமல் போகலாம். ராத்திரி கேமராக்களின் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது மட்டும் இரண்டு கேமரா அணைந்து அணைந்து வருவது இதனால்தான்.

இரண்டாம் பக்கம் முகவரிப் படம். இங்கே சுவரும் மேசையும் வேண்டாம். எந்த வலைப் பகுதிக்கு எந்த எண் வரிசை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகலாமா கூடாதா, அவ்வளவுதான். உள்ளுக்குள் பயன்படுத்த ஒதுக்கிய எண்கள் மூன்று வரிசைகள்: 10-ல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168. இப்படிப் பிரித்தால் தோட்ட ஆபீஸுக்குப் போதும்: ஆபீஸ் 192.168.10.0/24, சிசிடிவி 192.168.20.0/24, விருந்தினர் வைஃபை 192.168.30.0/24, எடைமேடை 192.168.40.0/24. /24 என்றால் ஒவ்வொன்றிலும் 254 முகவரிகள் கிடைக்கும். ரவுட்டருக்கு எப்போதும் கடைசி எண் 1, பிரிண்டர், சர்வர் போன்றவற்றுக்கு 10 முதல் 49, தானாகக் கொடுப்பது 100 முதல் 199. இந்த ஒழுங்கு இருந்தால் 192.168.40.12 என்று ஒரு எண் எங்காவது பிழைச் செய்தியில் தெரிந்ததுமே ‘எடைமேடை, நிலையான முகவரி’ என்று படத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். ஆனால் இன்று உங்கள் ஆபீசில் எல்லாமே ஒரே வரிசையில் கிடந்தால் அப்படியே வரையுங்கள். நான்காகப் பிரித்த படம் ‘திட்டம்’ என்ற தலைப்போடு வேறு பக்கத்தில் இருக்கட்டும். நடப்பையும் திட்டத்தையும் ஒரே படத்தில் கலப்பதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப்பெரிய கேடு.

யூனிஃபை பைபரில் நெட் பொதுவாக விலான் (ஒரே வயருக்குள் பிரித்த தனி வலை) 500 என்ற எண்ணில் வரும். பழைய ரவுட்டர் இடியில் போய், கடையில் வாங்கிய புது ரவுட்டரை மாட்டும்போது இந்த எண் தெரியாமல்தான் பலர் ஒரு நாள் முழுக்கத் திண்டாடுகிறார்கள். பிடியுவுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள கோட்டில் ‘விலான் 500, பிபிபிஓஇ’ (பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் முறை) என்று எழுதுங்கள், கடவுச்சொல்லை மட்டும் எழுத வேண்டாம். பைபர் எட்டாத தோட்டங்களில் 4ஜி ரவுட்டர் இருக்கும். அதன் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால் உங்கள் இணைப்பு பலரோடு பகிரப்பட்டது என்று அர்த்தம், வீட்டிலிருந்து கேமராவுக்கு நேரடியாக உள்ளே வர முடியாது. இதையும் மேகத்தின் அடியில் ஒரு வரி எழுதிவைத்தால், ‘ஏன் வரவில்லை’ என்று அடுத்தவர் மறுபடி நோண்ட மாட்டார்.

மூன்றாவது பக்கம்தான் ஆடிட்டர் உண்மையில் கேட்பது. எம்எஸ்பிஓ 1.1.2020 முதல் கட்டாயம். அதில் பழம் எந்த இடத்திலிருந்து வந்தது என்று பின்தொடர முடிய வேண்டும் என்பது முக்கியமான ஒன்று. இந்தப் படத்துக்கு நீச்சல் தடம் என்று சொல்லப்படும் அமைப்பு பொருத்தம்: தாளைக் கிடைமட்டமாக ஐந்து பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு பொறுப்பு. மண்டோர் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்), லோரி ஓட்டுநர், எடைமேடை கிராணி, கணக்குக் கிராணி, மேனேஜர். ஆளின் பெயரை எழுத வேண்டாம், ஆள் மாறுவார், பொறுப்பு மாறாது. ஆலையை ஆறாவது பட்டையாக அடியில் வேறு நிறத்தில் வையுங்கள், அது நம் கையில் இல்லாத பகுதி.

குறியீடுகள் ஐந்து போதும். தொடக்கம், முடிவுக்கு உருண்டையான முனை. வேலைக்குச் செவ்வகம். முடிவெடுக்கும் இடத்துக்கு வைரம். தாளுக்கு அடிப்பக்கம் அலைபோல் வளைந்த செவ்வகம். காத்திருப்புக்கோ கெடுவுக்கோ கடிகாரம். முதல் நான்கும் 1985-ல் வந்த ஐஎஸ்ஓ 5807-ல் உள்ளவை. 2011-ல் வந்த பிபிஎம்என் 2.0 இதைவிட நூறு மடங்கு விரிவானது. மென்பொருள் எழுதுபவர்களுக்கு அது வேண்டும், காலையில் வேலையாட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் காட்டப் போகும் படத்துக்கு வேண்டாம்.

இப்படத்தையும் நாற்காலியில் இருந்து வரையக் கூடாது. போன வாரத்து எடை டிக்கெட் ஒன்றை ஃபைலிலிருந்து எடுத்து, அதைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போங்கள். எடுத்துக்காட்டாக டிக்கெட்டில் மொத்த எடை 14,380 கிலோ, வெற்று லோரி 5,920, நிகரம் 8,460 என்று இருக்கிறது. இந்த 8,460 எந்தத் தாளிலிருந்து எந்தத் தாளுக்கு, யார் கையால் எழுதப்பட்டது? வெற்று லோரியின் எடை அன்றே போட்டதா, பழைய எண்ணையே எடுத்துக்கொண்டார்களா? பழைய எண் என்றால் டீசலும் சேறும் எடைக்குள் நுழைந்துவிட்டன. அந்தப் பழத்தை எந்த பிளாக்கில் (தோட்டப் பிரிவில்) வெட்டினார்கள் என்பது டிக்கெட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் மண்டோரின் குலை எண்ணிக்கைப் புத்தகத்தைத் திறந்து தேதியை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கும். அங்கேதான் பின்தொடர்தல் அறுந்துபோகிறது, ஆடிட்டர் கை வைக்கும் இடமும் அதுவே. அறுந்த இடத்தைச் சிவப்பில் குறியுங்கள். ஆடிட்டுக்கு முன் டிக்கெட்டில் பிளாக் எண்ணுக்கு ஒரு கட்டம் சேர்த்துவிட்டால் சிவப்பை எடுத்துவிடலாம்.

பட்டையிலிருந்து பட்டைக்கு அம்புக்குறி தாண்டும் ஒவ்வோர் இடத்திலும், எது தாண்டுகிறது என்பதை அம்பின் மேல் எழுத வேண்டும். டிக்கெட்டின் மஞ்சள் பிரதியா, வாட்ஸ்அப் புகைப்படமா, வாய்ச்சொல்லா? வாய்ச்சொல் என்று எழுத நேர்ந்தால் கூச்சப்படாமல் எழுதுங்கள். தாள் தொலைவதும் கணக்கு உதைப்பதும் பட்டைக்குள் அல்ல, பட்டை தாண்டும்போதுதான்.

வைரங்களுக்கு வருவோம். ஒவ்வொரு வைரத்திலிருந்தும் குறைந்தது இரண்டு வழிகள் வெளியே போக வேண்டும், இரண்டிலும் எழுத்து இருக்க வேண்டும். ‘எடை சரியா?’ என்று கேட்டு ‘ஆம்’ மட்டும் மேலே ஓடினால் படம் பொய். ‘இல்லை’ எங்கே போகிறது? ஆலையில் போட்ட எடைக்கும் தோட்டத்தில் போட்ட எடைக்கும் எவ்வளவு வித்தியாசம் வரை விட்டுவிடுவது, அதற்கு மேல் போனால் யார் யாருக்குத் தொலைபேசி செய்வது? பழம் பழுக்காதது, காம்பு நீளமானது, அழுகியது என்று ஆலையில் கழித்தால் அந்தச் சீட்டு யார் மேசைக்கு வருகிறது? வெட்டியவரின் கூலியில் கை வைக்கும் விஷயம் என்பதால் இது மேனேஜர் பட்டையைத் தொடாமல் போகக் கூடாது. இன்னும் இரண்டு ‘இல்லை’கள் தோட்டத்துக்கே உரியவை: கரண்ட் இல்லை, எடை மென்பொருள் ஓடவில்லை. அப்போது கையால் எழுதும் டிக்கெட் புத்தகம் எங்கே இருக்கிறது, பிறகு கணினியில் ஏற்றும்போது எண் இரட்டிக்காமல் இருக்க என்ன செய்வது என்று தனிக் கிளை போடுங்கள். வெட்டிய பழம் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போவது நல்லது, தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும். ஆகவே கரண்ட் வரும்வரை லோரியை நிறுத்திவைப்பது ஒரு வழியே அல்ல.

கடிகாரக் குறி வைக்க வேண்டிய இடங்கள் சம்பளப் பகுதியில் இருக்கின்றன. செக்ரோல் (வருகை, கூலிப் பதிவேடு) மூடியதும் சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் கூலி கொடுபட வேண்டும் என்பது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம். கேடபிள்யூஎஸ்பி (சேமநிதி), பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு) கட்டணங்கள் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள். நிறுவனம் இ-இன்வாய்ஸ் வரம்புக்குள் வந்திருந்தால் இன்னொரு கடிகாரம்: வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் சரி என்று ஏற்றுக்கொண்ட பிறகு ரத்துசெய்யவோ நிராகரிக்கக் கேட்கவோ 72 மணி நேரம்தான். ஆலையின் கழிவுச் சீட்டு நான்காம் நாள் வந்து சேரும் வழக்கம் இருந்தால், இந்த 72-க்கும் அதற்கும் மோதல் என்பது படத்தில் பளிச்சென்று தெரியும். சம்பளத்தைத் தனிப் பக்கமாகப் பிரிப்பது நல்லது. ஒரு பக்கத்தில் பதினைந்து, இருபது பெட்டிகளுக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை.

தமிழில் எழுதும்போது சில சின்னத் தொல்லைகள். டிரா டாட் ஐஓவின் வழக்கமான செவ்வகம் 120-க்கு 60. தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் எழுத்து வெளியே வழியும். 180-க்கு 60 என்று ஒரு செவ்வகத்தை அமைத்து அதையே பிரதி எடுங்கள். ‘எடை போடு’, ‘டிக்கெட் அச்சிடு’, ‘புத்தகத்தில் ஏற்று’ என்று இரண்டு மூன்று சொல்லில் முடியுங்கள். ஏ3 தாளில் அச்சிடும்போது 10 புள்ளிக்குக் கீழே எழுத்து போகக் கூடாது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒரே எழுத்துருவை முழுக்கப் பயன்படுத்தி, மற்றவர்களுக்குப் பிடிஎஃப் ஆகத்தான் அனுப்புங்கள், இல்லையென்றால் அவர்கள் கணினியில் எழுத்து உடைந்து கட்டங்கட்டமாக வரும். ஆடிட்டருக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ வேண்டும் என்றால் பக்கத்தின் மேல் வலது கிளிக் செய்து பிரதி எடுத்து எழுத்தை மட்டும் மாற்றுங்கள். பெட்டிகளுக்கு 1, 2, 3 என்று எண் போட்டிருந்தால் இரண்டு மொழிப் படமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். வேறு நாட்டிலிருந்து வந்து பழம் வெட்டுபவர்களுக்கும் ‘நீங்கள் செய்வது 2, 3’ என்று விரல் வைத்துக் காட்டலாம்.

எல்லாப் பக்கத்தின் கீழ் வலது மூலையிலும் ஒரு சின்னப் பெட்டி: படத்தின் பெயர், பதிப்பு எண், நேரில் நடந்து சரிபார்த்த தேதி, சரிபார்த்தவரின் பொறுப்பு, கோடுகளின் நிற விளக்கம். ‘வரைந்த தேதி’ என்று போடாதீர்கள், அதனால் யாருக்கும் பயனில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்போம் என்ற தீர்மானமும் நடைமுறைக்கு வராது. வயரோ சாதனமோ மாற்ற வருபவரின் பில்லில் கையெழுத்துப் போடுமுன் அட்டவணையின் வரியைத் திருத்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள், அது நடக்கும்.

எதை எங்கே வைப்பது? ஐபி எண்களும் கேமரா இருப்பிடங்களும் உள்ள முழுப் படம் சுவரில் ஒட்டும் பொருள் அல்ல. அது மேனேஜரின் அலமாரியிலும் நிறுவனத்தின் கோப்பு சேமிப்பிலும் இருக்கட்டும். ஆடிட்டருக்கு வேலை முறைப் படத்தின் பிடிஎஃப்பும், கேட்டால் மட்டும் ஐபி நீக்கிய நெட்வொர்க் படமும். டிரா டாட் ஐஓவில் அடுக்குகள் இருக்கின்றன, கண்ட்ரோல், ஷிஃப்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். ஐபி எண்களைத் தனி அடுக்கில் எழுதியிருந்தால் அதை மறைத்துவிட்டு அச்சிடலாம், இரண்டாவது படம் வரையத் தேவையில்லை. சுவிட்ச் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒரு சின்னப் பட்டியல் மட்டும் ஒட்டுங்கள்: வயர் எண்கள், எந்த போர்ட்டில் எது, எந்த யூபிஎஸ், யூனிஃபை கணக்கு எண், கூப்பிட வேண்டிய தொலைபேசி. ஈப்போவில் இருப்பவரோடு தொலைபேசியில் பேசும்போது ‘ஆ-07-ல் விளக்கு எரியவில்லை’ என்று சொல்ல இது போதும். பிஎன்ஜி ஆக ஏற்றுமதி செய்யும்போது ‘படத்தின் பிரதியைச் சேர்’ என்ற கட்டத்தில் குறி போட்டால், மூலக் கோப்பு தொலைந்தாலும் அந்தப் படக்கோப்பையே மறுபடி டிரா டாட் ஐஓவில் திறந்து திருத்தலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த உள்பிரதி அழிந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.